தரைக்கடியில் உடைந்த சாக்கடைக் குழாய்: நாமே கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

எங்கள் வீட்டில் ஒரே வருடத்தில் மூன்று முறை அடைப்பு எடுத்தோம். மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தியவர் ஒவ்வொரு முறையும் "கிச்சன் எண்ணெய்தான் சார், உறைஞ்சு போச்சு" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போனார். நான்காவது முறை பிளாச்சின் நுனியில் தாடி மாதிரி ஒரு வேர்க்கற்றை சிக்கி வந்தது. காம்பவுண்டு ஓரத்து வேப்பமரம். அடைப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் உடைப்பு.

இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை. ஒரு வாஷ்பேசின் மட்டும் மெதுவாக இறங்கினால் அது அங்கேயே உள்ள அடைப்பு. கழிவறை, குளியலறை, சமையலறை எல்லாம் ஒன்றாகத் திணறினால், அதுவும் எடுத்த சில வாரங்களில் திரும்பத் திரும்ப வந்தால், தரைக்கடியில் போகும் பொதுக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். நடைபாதை டைல்ஸ் ஓரிடத்தில் மட்டும் இறங்கியிருக்கிறதா? மழை இல்லாத நாளிலும் அந்த இடம் ஈரமாக இருக்கிறதா? பெருச்சாளி வளை தோண்டியிருக்கிறதா? உடைந்த குழாய் வழியாகத்தான் அது வந்து போகும். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) தண்ணீரில் லேசாக வாடை அடித்தால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, அன்றைக்கே அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

தோண்டுவதற்கு முன்

பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பழுப்பு நிற ஸ்டோன்வேர் பைப், அதாவது சுட்ட களிமண் குழாய். ஒரு துண்டு 2 அடிதான். சேம்பருக்குச் சேம்பர் (குழாயைத் திறந்து பார்க்க மூடி போட்டுக் கட்டிய தொட்டி) 20 அடி என்றால் வழியில் பத்துத் துண்டுகள், ஒன்பது இணைப்புகள், எல்லாம் சிமெண்ட் பூச்சு. மண் கொஞ்சம் இறங்கினாலும் பூச்சு விரியும். மயிரிழை விரிசல் போதும், ஈரம் தேடி வரும் வேருக்கு.

இரண்டு சேம்பர் மூடிகளையும் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். ஒரு முனையில் டார்ச்சை அடித்து, மறுமுனையில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. பிறை மாதிரி தெரிந்தால் நடுவில் எங்கோ இறங்கியிருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் வேரோ மண்ணோ மூடியிருக்கிறது.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. கீழ்ச் சேம்பரில் குழாய் வாயைக் களிமண்ணும் சாக்கும் வைத்து இறுக்கி அடைத்துவிட்டு, மேல் சேம்பரில் குழாய் வாய் நன்றாக முழுகும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். செங்கல் சுவர் முதலில் கொஞ்சம் குடிக்கும். பத்து நிமிடம் விட்டு மறுபடி நிரப்பிக் கரியால் கோடு போடுங்கள். அரை மணி நேரம் வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கோட்டிலிருந்து ஒரு சாண் இறங்கிவிட்டது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இடத்தைக் கண்டுபிடிக்க அதே மூங்கில் பிளாச்சு போதும். உள்ளே விட்டு, முட்டும் இடத்தில் சேம்பர் சுவரையொட்டி ஓர் அடையாளம் வையுங்கள். வெளியே எடுத்து, அந்த அடையாளம் சேம்பர் சுவரில் வருகிற மாதிரி தரைமேல் அதே திசையில் படுக்க வையுங்கள். நுனி இருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் சிக்கல். பிளாச்சு எங்கும் முட்டாமல் தண்ணீர் மட்டும் இறங்கினால், கேமரா விட்டுப் பார்க்கும் பிளம்பரைக் கூப்பிடுங்கள். கண்ட இடத்தில் தோண்டி டைல்ஸ் மாற்றும் செலவோடு பார்த்தால் அது லாபம்தான்.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள்

இந்தப் பதிவு 3, 4 அடி ஆழத்துக்குள், காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கும் குழாய்க்கு மட்டும். ஆழமான சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ நீங்களும் இறங்கக் கூடாது, காசு கொடுத்து வேறு யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. வாசலுக்கு வெளியே தெருவில் பிரச்சினை என்றால் சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குச் சொல்லுங்கள். நீங்களாகச் சாலையைத் தோண்டாதீர்கள்.

கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் இரண்டும் கட்டாயம். எலி புழங்கிய சாக்கடைத் தண்ணீர் காலில் உள்ள சிறு காயத்தில் பட்டாலும் எலிக்காய்ச்சல் வரலாம்.

தோண்டுவதும் மாற்றுவதும்

கடப்பாரையை மேல் தரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழாய் நெருங்கியதும் கைக்கரண்டிதான். உடையாத குழாயையும் நாமே உடைத்துவிட்டால் கதை நீளும். பள்ளம் ஒன்றரை அடி அகலம் இருந்தால்தான் கை புழங்கும்.

உடைந்தது பிவிசி குழாய் என்றால் கெட்ட துண்டை மட்டும் வெட்டி எடுத்து, உள்ளே தடுப்பு விளிம்பு இல்லாத கப்ளர் (இரண்டு குழாய்களைச் சேர்க்கும் வளையத் துண்டு) இரண்டை முன்பின் நகர்த்திப் புதுத் துண்டைச் சேர்க்கலாம். ஸ்டோன்வேர் என்றால் என் யோசனை வேறு. ஒரு துண்டை மட்டும் மாற்றாதீர்கள். மற்ற இணைப்புகளும் அதே வயதுதானே? சேம்பர் முதல் சேம்பர் வரை பிவிசி போட்டுவிடுங்கள். 10 அடிக் குழாய் இரண்டு, நடுவில் ஒரே ஓர் இணைப்பு.

கடையில் 110 மி.மீ. (4 அங்குலம்) எஸ்டபிள்யூஆர் பைப், அதாவது கழிவுநீருக்கான பிவிசி குழாய், பி டைப் என்று கேளுங்கள். மெல்லிசான ஏ டைப் மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும்தான். விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

இனி வாட்டம். இந்த வேலையில் தவறக் கூடாத ஒன்று இதுதான். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1, அதாவது 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம். டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற டியூப்) இரண்டு சேம்பரிலும் ஒரே மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து குழாயின் அடிப்பக்கம் வரை அளந்து கழித்துப் பாருங்கள். 20 அடிக்கு 6 அங்குல வித்தியாசம் வர வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துக் கட்டி அதன்படியே மணல் மெத்தையைச் சீவுங்கள். கண்ணளவு வேண்டாம். கொத்தனார் "நான் பாத்துக்கறேன்" என்றாலும் நூல் கட்டச் சொல்லுங்கள்.

மெத்தை 4 அங்குல மணல். சாக்கெட் (குழாயின் அகன்ற வாய்) உட்காரும் இடத்தில் மட்டும் கையால் குழி பறியுங்கள், குழாயின் உடம்பு முழுவதும் மணலில் படிய வேண்டும். கீழ் முனையில் தொடங்கி மேலே போகவும். சாக்கெட் வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். நுனியை அரத்தால் சாய்வாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி ரப்பர் ரிங்குக்குள் தள்ளுங்கள். எண்ணெய், கிரீஸ் தடவினால் ரப்பர் கெடும். முழுதும் போனதும் 10 மி.மீ. வெளியே இழுத்துவிடுங்கள். வெயிலுக்கு பிவிசி நீளும், அதற்கு இடம் வேண்டும்.

சேம்பர் சுவரில் நுழையும் இடத்தில் ஒரு சூட்சுமம். வழவழப்பான பிவிசியைச் சிமெண்ட் பிடிக்காது. அந்த நீளத்துக்கு சால்வென்ட் சிமெண்ட் (பிவிசி ஒட்டும் பசை) தடவி, ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவிக் காயவிடுங்கள். அப்புறம் பூசினால் கவ்விப் பிடிக்கும். இதைச் செய்யாத வீடுகளில் முதல் கசிவு சேம்பர் சுவரோரம்தான் வரும். சேம்பர் அடியில் அரைவட்ட ஓடை சிதைந்திருந்தால் அதையும் அப்போதே பூசி முடித்துவிடுங்கள்.

மெஸ், டீக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பிறகு கிரீஸ் டிராப் (எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பெட்டி) வைக்காமல் புதுக் குழாய் போடுவது வீண். சூடாக இறங்கும் எண்ணெய் தரைக்கடியில் ஆறி, சுவரில் படிந்து, அடுத்த வருடமே பிளாச்சுக்காரரை அழைக்கும்.

மூடுவதற்கு முன்

பூச்சு காய்ந்ததும் அதே தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். தண்ணீர் கரிக்கோட்டைவிட்டு இறங்காமல் நின்றால் மட்டும் மூடலாம். முதலில் இருபுறமும் மணலைக் கையால் திணித்து, குழாய்க்கு மேல் ஓர் அடி வரை மணல்தான். செங்கல் உடைசலைக் கொட்டவே கூடாது. அதற்கு மேல் பழைய மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டை போடுங்கள். கார் ஏறும் இடம் என்றால் குழாயைச் சுற்றி கான்கிரீட் தேவைப்படும்.

டைல்ஸுக்கு அவசரம் வேண்டாம், இரண்டு வாரம் மண் இறங்கட்டும். அந்த இடைவெளியில் குழாய் போகும் தடத்தைச் சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் வரைந்து மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். வேப்பமரத்தை நாங்கள் வெட்டவில்லை. குழாயைத்தான் அதைவிட்டு மூன்றடி தள்ளிப் போட்டோம்.