யூரியா லைட் எரிந்தால் எமுலேட்டர் மாட்டாதீர்கள்

வேலூர் பக்கம் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் லாரியின் டேஷ்போர்டில் யூரியா லைட் எரிகிறது, வண்டி லோடு இழுக்க மறுக்கிறது. ஷெட்டுக்குப் போனால் "எமுலேட்டர் போட்டுடலாம்ண்ணே, ஆட்ப்ளூ செலவே இல்ல" என்பார்கள். ஆட்ப்ளூ, டெஃப் இரண்டும் ஒன்றுதான்: புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கத் தெளிக்கும் யூரியா கரைசல். அதைத் தெளிக்காமலே தெளிப்பதுபோல் காட்டும் கருவிதான் எமுலேட்டர். வேண்டாம். பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த லாரியில் இந்தக் கோளாறு பல நேரம் கரைசலிலோ அதைத் தூவும் இன்ஜெக்டரிலோதான் இருக்கும்.

முதலில் கரைசலைப் பாருங்கள். யூரியா எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் டெஃப் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விட்டால் யூரியா 32.5 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 31.8-க்குக் கீழோ 33.2-க்கு மேலோ இருந்தால் டேங்கை முழுக்க வடித்துவிட்டு, ஐஎஸ்ஓ 22241 முத்திரை உள்ள புது கேனை ஊற்றுங்கள். உர யூரியாவைப் போர் தண்ணீரில் கரைத்து ஊற்றவே கூடாது. அதில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, நம் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துவிடும். வேலூர் வெயிலில் கேனைத் திறந்த வெளியில் வைக்காதீர்கள். 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும்.

அடுத்தது இன்ஜெக்டர். அதன் நுனியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், சைலன்சர் ஆறிய பிறகு கழற்றி வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் ஊற வையுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, கரைசல் சரியாகத் தூவாது. திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். இப்படிப் பூக்க ஒரு காரணம், சாவியை ஆஃப் செய்த உடனே பேட்டரி மெயின் சுவிட்சையும் அணைப்பது. லைனில் நிற்கும் கரைசலை பம்ப் டேங்குக்கு இழுத்துக்கொள்ள இரண்டு நிமிடமாவது விடுங்கள். தவறி டீசல் யூரியா டேங்கில் விழுந்தால் சாவியே போடாதீர்கள். பம்ப் ஓடினால் லைன் முழுக்கப் பரவிவிடும்.

எமுலேட்டர் செய்வது ஒன்றுதான்: எல்லாம் சரி என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குப் பொய் சொல்வது. நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே போகும். கண்ணுக்குப் புகை தெரியாது. டீசல் வண்டிக்கான பியூசி என்ற மாசுச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்ப்பதால் சான்றிதழும் கிடைத்துவிடும். அதைச் சுவாசிப்பது வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்பவர்களும் டோல் பூத் ஊழியர்களும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது நேரடிக் கெடுதல். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பழைய பிஎஸ்6 வண்டி வாங்குகிறீர்களா? 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 லிட்டர் யூரியா குறைய வேண்டும். ஒரு டேங்க் டீசல் தீர்ந்தும் யூரியா மட்டம் இறங்கவில்லை என்றால் ஃபியூஸ் பாக்ஸ், டயக்னாஸ்டிக் சாக்கெட் பக்கம் எமுலேட்டருக்கு ஒட்டுப்போட்ட ஒயர் ஓடுகிறதா என்று பாருங்கள்.