ஏஜென்டுக்கு டூல் விளக்கம் எழுதும்போது

ஏஐ ஏஜென்ட் என்பது, நாம் தரும் டூல்களை (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரல்களை) தானே தேர்ந்தெடுத்து அழைக்கும் ஏஐ. அது தப்பான டூலை எடுக்கிறதா? அதன் மூளையான ஏஐ மாடலைத் திட்டுவதற்கு முன் டூலின் விளக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். டூலுக்குள் இருக்கும் நிரல் வரிகள் மாடலுக்குத் தெரியாது. பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (என்னென்ன தகவலை எந்த வடிவில் தர வேண்டும் என்ற குறிப்பு), இவ்வளவுதான் அதன் கையில்.

‘ஆர்டரைத் தேடும்’ என்று ஒரே வரி எழுதிவிட்டு நானும் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் போன் நம்பரைச் சொன்னால், ஏஜென்ட் அதையே ஆர்டர் எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போதைய விளக்கம் இது:

‘ஆர்டர் எண்ணை வைத்து அந்த ஆர்டரின் நிலையைத் தரும். எண்ணில் 6 இலக்கங்கள் இருக்கும். போன் நம்பர் மட்டும் தெரிந்தால் இதை அழைக்காதே; முதலில் வாடிக்கையாளரைத் தேடும் டூலை அழை. ஆர்டர் கிடைக்காவிட்டால் வெற்றுப் பட்டியல் வரும். அது பிழை அல்ல, மறுபடி முயலாதே.’

கடைசி வரியைச் சேர்க்கும் வரை, வெற்றுப் பட்டியலைப் பார்த்துவிட்டு அதே டூலை நாலைந்து தடவை அழைத்துக்கொண்டிருந்தது. மாடல் படிக்கும், எழுதும் சொல்துண்டுகளுக்கான (டோக்கன்) செலவு நம் தலையில்!

அப்புறம், தேதி கேட்கும் டூல் என்றால் 2025-03-04 என்று ஒரு மாதிரியும், அதில் நடுவில் இருப்பது மாதம் என்பதையும் எழுதிவிடுங்கள். வெறுமனே ‘தேதி’ என்று விட்டால், 04/03 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பது ஏஜென்டின் இஷ்டம்.