ஹெட்லைட்டை மாற்றுவதற்கு முன்: மலைப்பாதைக்கு வெளிச்சம் வைக்கும் முறை

செங்கோட்டையில் கொல்லம் ரோட்டை ஒட்டி எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருப்பதால் இரண்டு மாநிலத்து வண்டிகளும் என் கைக்கு வரும். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போகிற எம்சாண்ட் லாரிகள், காய்கறி ஏற்றிய மினி லாரிகள், சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் கேரளக் கார்கள், கார்த்திகை பிறந்தால் சபரிமலை வேன்கள். நம்மாள் கேட்பது, "அண்ணாச்சி, ரோடே தெரிய மாட்டேங்கு, நல்ல பவரா ஒரு எல்இடி போட்டு விடுங்க." கேரளத்திலிருந்து வருகிறவர் கேட்பது, "லைட் போரா சேட்டா", அதாவது வெளிச்சம் போதவில்லை அண்ணா. இரண்டும் ஒரே குறைதான். ஆனால் பல்பு மாற்றினால் தீருகிற குறையாக அது இருப்பது குறைவு. நான் பல்பில் கை வைப்பதற்கு முன்னால் பார்க்கிற வேலைகளை எழுதுகிறேன். பாதிக்கு மேல் நீங்களே வீட்டு வாசலில் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன், உலகத்தில் விளக்கு செய்கிறவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால் கடைக்காரர் சொல்வதில் எதை நம்பலாம் என்று பிடிபடும்.

ஐரோப்பாவில் கார் ஹெட்லைட்டுக்கு ஹாலோஜன் வந்தது 1962-இல். டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் உள்ள எச்4 வந்தது 1971-இல். இன்றைக்கும் நம் ரோட்டில் ஓடுகிற வண்டிகளில் கணிசமான பங்கு அந்த எச்4-தான். லூமென் என்பது பல்பு கொடுக்கும் வெளிச்சத்தின் அளவு. எச்4 டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் சுமார் 1,650 லூமென் கொடுக்கும். 1991-இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் ஃபிலமென்ட் இல்லாத செனான் வாயு விளக்கு வந்தபோது 35 வாட்டிலேயே 3,200 லூமென் கிடைத்தது. பளிச்சென்ற நீல எல்இடியை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நகாமுரா 1993-இல் செய்து காட்டினார். அதிலிருந்துதான் வெள்ளை எல்இடி வந்தது. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. டிம்முக்கே எல்இடி வைத்த முதல் கார் 2007-இல் வந்த லெக்சஸ் எல்எஸ் 600எச்.

இதுவரைக்கும் போட்டி வெளிச்சத்தின் அளவில் இருந்தது. 2013-இல் ஆடி ஏ8-இல் மேட்ரிக்ஸ் எல்இடி வந்த பிறகு போட்டியே வேறாகிவிட்டது. முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா எதிரே வருகிற வண்டியைப் பார்க்கும். அந்த வண்டி இருக்கிற இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தை அணைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் பிரைட்டிலேயே எரியும். 2018-இல் மெர்சிடீஸ் ஒரு விளக்குக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்கண்ணாடிகளை வைத்தது. 2023-இல் போர்ஷ் கயென் ஒரு விளக்கில் 32,000-க்கும் மேற்பட்ட பிக்சல்களோடு வந்தது. 2014-இல் வந்த லேசர் விளக்கு சுமார் 600 மீட்டர் எறியும் என்றார்கள். ஆனாலும் பரவவில்லை, நல்ல எல்இடியே போதும் என்றாகிவிட்டது. அமெரிக்காவின் பழைய விதியில் டிம், பிரைட் என்று இரண்டே நிலைகள்தான் உண்டு என்பதால் இந்த மேட்ரிக்ஸுக்கு அங்கே 2022 வரை அனுமதியே இல்லை.

ஆக, கோடிக்கணக்கில் பணம் கொட்டி அவர்கள் தேடுவது எந்த இடத்தில் வெளிச்சம் விழக்கூடாது என்பதை. நாமோ எதிரே வருகிறவன் கண்ணில் விழுகிற பல்பை ஆன்லைனில் தேடி வாங்குகிறோம். இந்த ஒன்றுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். எஸ் வளைவில் கண் கூசி ஒரு விநாடி ரோடு மறைந்தால் என்ன ஆகும் என்று இந்த மலை ஏறுகிற எல்லோருக்கும் தெரியும்.

முதல் வேலை: கண்ணாடி

ஹெட்லைட் கண்ணாடி என்று நாம் சொல்வது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே ஒரு பூச்சு இருக்கும். வெயிலின் புற ஊதா அதைத் தின்றுவிட்டால் மஞ்சளாகிப் பால் படிந்தது போல ஆகும். அப்போது உள்ளே எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் சிதறும். ரோட்டுக்குப் போக வேண்டியது எதிரே வருகிறவர் முகத்துக்குப் போகும்.

விளக்கைச் சுற்றிப் பெயிண்டின் மேல் டேப் ஒட்டுங்கள். தண்ணீர் விட்டு 800 வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000, 3000 என்று போங்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், முந்தைய கோடு போய்விட்டதா என்று தெரியும். பிறகு காம்பவுண்ட் போட்டுப் பாலிஷ். இத்தோடு நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள் ஏறும், ஏனென்றால் காப்புப் பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிட்டோம். புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் கட்டாயம் அடிக்க வேண்டும். டூத்பேஸ்ட் வைத்தியத்தில் அந்தப் பூச்சு கிடையாது என்பதால் அதை நான் சொல்வதில்லை.

சாரல் காலத்தில் உள்பக்கம் ஆவி படியும். லைட்டைப் போட்டு ஓட்டினால் அது மெல்ல விலகிவிடும் என்றால் பயமில்லை, விளக்குக்கு மூச்சு விட ஓட்டை உண்டு. சொட்டுச் சொட்டாக நின்றாலோ கீழே தண்ணீர் தேங்கினாலோ சீல் போய்விட்டது, அல்லது பின்பக்க ரப்பர் மூடியைச் சரியாக மாட்டவில்லை. தண்ணீர் வடியட்டும் என்று துளை போடாதீர்கள். அந்த வழியாகத் தூசி போய், வெளிச்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் கெடும்.

இரண்டாவது: பல்புக்கு வந்து சேரும் வோல்ட்

எனக்குப் பிடித்த வேலை இதுதான், யாரும் கேட்காத வேலையும் இதுதான். இன்ஜினை ஓட விட்டு டிம்மைப் போடுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி முனையில் ஒரு தடவை, பல்பு ஹோல்டரின் பின்பக்கம் பல்பு எரியும்போதே ஒரு தடவை வோல்ட் பாருங்கள். ஹாலோஜன் பல்பின் அளவு சொல்லப்படுவது 13.2 வோல்ட்டில். அது 12 வோல்ட்டாக இறங்கினால் வெளிச்சம் நூற்றுக்கு ஒன்று, இரண்டு குறைவதோடு நிற்காது. கால் பங்குக்கும் மேல் போய்விடும். பழைய வண்டிகளில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சைச் சுற்றித்தான் வரும். சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்திருக்கும், எர்த் துருப்பிடித்திருக்கும்.

அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் எர்த்தைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ், ரிலே (சுவிட்சுக்குப் பதில் பெரிய மின்சாரத்தைத் தாங்கும் மின்சுவிட்ச்) வைத்துத் தடிமனான வயர் இழுக்க வேண்டும். இதைச் செய்துவிட்டுப் பழைய பல்பையே மாட்டிக் கொடுத்தால், புது பல்பு போட்டீங்களா என்று கேட்பார்கள். லாரிக்காரர்கள் கவனிக்க: உங்களுடையது 24 வோல்ட், பல்பு பிரைட்டில் 75, டிம்மில் 70 வாட். கார் பல்பு 60/55.

மூன்றாவது: ஃபோகஸ்

அமெரிக்காவில் ஐ.ஐ.எச்.எஸ் என்ற காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் முதன்முறையாக ஹெட்லைட்டுக்கு மதிப்பெண் போட்டது. நடுத்தர அளவுக் கார்கள் 31-ஐ ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுக்குத்தான் 'நல்லது' என்று கிடைத்தது. விலை உயர்ந்த கார்களும் தேறவில்லை. விளக்கின் சாய்மானம் கொஞ்சம் மாறினாலே எட்டும் தூரம் எங்கேயோ போய்விடும் என்பது அதில் வெளிச்சமானது. நம் வண்டியில் அதைச் சரிசெய்யக் காசு செலவில்லை.

சமதரையில், சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி நேராக நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று இருக்கட்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். இரண்டு விளக்கின் மையமும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம்மைப் போட்டால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு விளிம்பு தெரியும். கார் விளக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த விளிம்பு கோட்டுக்கு 5 முதல் 7.5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். லாரி மாதிரி ஒரு மீட்டருக்கு மேல் விளக்கு இருந்தால் 7.5 முதல் 10 வரை. கணக்கு இதுதான்: ஐந்து மீட்டரில் 5 சென்டிமீட்டர் என்பது நூற்றுக்கு ஒன்று சாய்மானம். அந்தச் சாய்மானத்தில், 70 சென்டிமீட்டர் உயரத்து விளக்கின் விளிம்பு 70 மீட்டரில் ரோட்டைத் தொடும். மேல்நோக்கி அதே அளவு சாய்ந்துவிட்டால் ரோட்டைத் தொடவே தொடாது. விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்பினால் விளிம்பு ஏறி இறங்குவது சுவரிலேயே தெரியும்.

விளிம்பின் இடது ஓரம் மேலே ஏறிப் போனால் திருத்த வேண்டாம், நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் நடைபாதை தெரிவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வலது ஓரம் ஏறினால்தான் சந்தேகப்பட வேண்டும். வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்குச் செய்த விளக்கு அது. வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய செட் மாட்டிய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும், எந்தத் திருகாலும் சரியாகாது. மாற்றத்தான் வேண்டும்.

லோடு விஷயம் தனி. பின்னால் பாரம் ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கி மூக்கு தூக்கும், ஹெட்லைட்டும் தூக்கும். டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன சக்கரம் இருக்கிறதே, அது இதற்குத்தான். ஓட்டுநர் மட்டும் என்றால் 0. பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் விளக்கு கீழே இறங்கும். அந்தச் சக்கரம் இல்லாத வண்டி எப்போதும் லோடோடுதான் மலை ஏறும் என்றால், லோடு ஏற்றிய பிறகு ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறுகிற வண்டியின் விளக்கு, ஃபோகஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும், மேல்வளைவில் இறங்குகிறவர் முகத்துக்குத்தான் போகும். அங்கே பிரைட்டைத் தொடாதீர்கள்.

நான்காவதாகத்தான் பல்பு

இவ்வளவும் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் நல்ல கம்பெனியின் 60/55 ஹாலோஜன் புதிதாகப் போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. 100/90 வேண்டாம். விதிக்கு மீறியது, ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளி மங்கும்.

எல்இடி பல்பு என்று பெட்டியில் வருவதைப் பற்றி. எச்4 ரிஃப்ளெக்டரின் வளைவு, அந்த மெல்லிய ஃபிலமென்ட் எந்த மில்லிமீட்டரில் இருக்கிறதோ அதற்கென்று வார்க்கப்பட்டது. அதே இடத்தில் தடிமனான ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டி வைத்தால் வெளிச்சம் கண்டபடி போகும். சுவரில் அடித்துப் பாருங்கள், விளிம்பே இருக்காது. முன்னால் பத்தடி பளபளக்கும், அதனால் கண்ணின் பாப்பா சுருங்கி தூரம் இன்னும் இருட்டாகும். இந்தப் பல்பே முடியாது என்பதல்ல: ஜெர்மனியில் 2020-இல் எச்7 என்ற இன்னொரு பல்பு வகைக்கு மாற்றாக வரும் ஒரு எல்இடி பல்புக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் பெயர் குறிப்பிட்ட வண்டிகளுக்கு மட்டும், ஒவ்வொரு மாடலிலும் சோதித்த பிறகு. 2,000 லூமெனுக்கு மேற்பட்ட டிம்முக்குத் தானாகச் சாய்மானம் சரிசெய்யும் அமைப்பும் கண்ணாடி கழுவும் அமைப்பும் வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நம் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆரியங்காவு தாண்டுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். கேரளத்தில் இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள், எண் ஏற ஏற மஞ்சள் குறைந்து நீலம் கூடும். ஹாலோஜன் சுமார் 3,200 கெல்வின், செனான் 4,300 பக்கம், எல்இடி 5,500-க்கு மேல். நனைந்த தாரில் நீலம் கலந்த வெள்ளை கண்ணைத்தான் உறுத்தும். மூடுபனிக்கு மஞ்சள் என்பார்கள். பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்றிருந்தது. என் கணக்கில் நிறத்தைவிட உயரம் முக்கியம். ஃபாக் லைட்டைப் பம்பருக்குக் கீழே தாழ்வாக, அகலமாக விழும்படி வையுங்கள். மேலே தூக்கி வைத்தால் பனியிலேயே பட்டுத் திரும்பும். பனியில் பிரைட் போடுவதும் அதே தவறு.

புது வண்டி வாங்குகிறவர்களுக்கு

ஜப்பானின் கொய்டோ, ஸ்டான்லி, பிரான்சின் வலெயோ, ஜெர்மனியின் ஹெல்லா ஆகியவை இந்தத் தொழிலில் பெரிய கைகள். எல்ஜி 2018-இல் ஆஸ்திரியாவின் இசட்கேடபிள்யூ விளக்கு நிறுவனத்தை வாங்கியது, 2022-இல் ஹெல்லா ஃபோரேசியாவோடு சேர்ந்து ஃபோர்வியா ஆனது. விளக்கு முழுக்க எலக்ட்ரானிக்ஸ் ஆகிவிட்டதால்தான் இந்தச் சேர்க்கையெல்லாம். நம் பக்கத்திலும் கொய்டோவின் கிளை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஓசூரில் ஃபியம் பைக் விளக்குகள் செய்கிறது. 2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளின் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்றான பிறகு, மின்சாரம் குறைவாக இழுக்கும் எல்இடிக்கு மதிப்பு இன்னும் கூடியது.

ஷோரூமில் 'எல்இடி' என்றால் டிம், பிரைட் இரண்டுமா, இல்லை பகல் விளக்கு மட்டுமா என்று கேளுங்கள். ராத்திரி டெஸ்ட் டிரைவ் கேட்டு வாங்குங்கள், சுவரில் விளிம்பைப் பாருங்கள். எல்இடி செட்டில் ஒரு சிப் போனால் பல வண்டிகளில் முழு செட்டையும் மாற்ற வேண்டியிருக்கும், அதன் விலையை முன்கூட்டியே எழுதி வாங்கி, இன்சூரன்ஸில் தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுங்கள். தானாக பிரைட் அணைவதும் மேட்ரிக்ஸும் வேறு வேறு. முதலாவது எதிரே வண்டி வந்தால் மொத்தமாக டிம்முக்கு இறங்கும், இரண்டாவது அந்த இடத்தை மட்டும் வெட்டும். மேட்ரிக்ஸ் வண்டியில் முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவுபடுத்தச் சொல்லுங்கள், அதைச் செய்ததாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.