உகாண்டாவுக்குத் தொண்டுப் பணிக்குக் கிளம்புகிறீர்களா? முதல் வேலை ஊசி

பள்ளியில் பாடம் எடுக்கவோ மருத்துவ முகாமில் உதவவோ உகாண்டா போகிறவர்கள், டிக்கெட் எடுத்த கையோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு நாள் குறித்துவிடுங்கள். போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அதற்குத் தரும் சான்றிதழான மஞ்சள் அட்டை செல்லும். கிளம்புகிற வாரத்தில் ஓடிப் பயனில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், 60 வயதுக்கு மேல் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மஞ்சள் அட்டையில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். போகும்போது மட்டுமல்ல, இந்தியா திரும்பும்போதும் அது வேண்டும். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது.

அடுத்தது மலேரியா மாத்திரை. டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதித் தந்தால் கிளம்ப 1-2 நாள் முன்பே தொடங்கி, ஊர் திரும்பியும் 4 வாரம் தினமும் சாப்பிட வேண்டும். வீடு வந்தாச்சே என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்கா போய்வந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

எந்த விசாவில் வர வேண்டும் என்பதை அழைக்கிற அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சார்ஜருக்குத் தட்டையான மூன்று கால் உள்ள பிரிட்டிஷ் வகை அடாப்டர் போதும்.