ஈட்டி எறிபவரும் வேகப்பந்து வீச்சாளரும் பேஸ்பால் பிட்சராக மாற விரும்பினால்

பேஸ்பால் பிட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பந்து எறிபவராக, ஆகத்தக்கவரைத் தேடி 2008-இல் இந்தியாவில் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டியில் தேர்வான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிதல் வீரர்கள். பேஸ்பால் ஆடியே அறியாத அவ்விருவரும் கலிபோர்னியாவில் பிட்சிங் பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் சில மாதங்கள் பயின்று, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் தொழில்முறை அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் ஒப்பந்தம் பெற்றனர். வேகம் ஏற்கெனவே கையில் இருப்பவர் புதிதாகக் கற்க வேண்டியது எது என்பதே இனி வருவது.

முதலில், ஓடிவந்து வீசும் பழக்கத்தை விட வேண்டும். பிட்சர் தன் ஊன்றுகாலை மவுண்ட் என்னும் மண்மேட்டின் மேலுள்ள ரப்பர் பலகையில் வைத்தபடியே தொடங்குவதால், ஓட்டம் தந்த விசையை இடுப்பின் சுழற்சியிலிருந்தும் நீண்ட ஒற்றை எட்டிலிருந்தும் பெற்றாக வேண்டும். கிரிக்கெட் வீச்சாளர் தம் பந்துவீச்சை மறந்துவிட்டு, எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்கு எறிவாரே, அந்த எறியிலிருந்து தொடங்குவதே நல்லது. முழங்கை மடங்கி விரியும் இயக்கம் அதில்தான் இருக்கிறது. ஈட்டி வீரருக்கு முன்காலை இறுக ஊன்றும் உத்தி இங்கும் கைகொடுக்கும். ஆனால் ஈட்டி மேல்நோக்கிச் செல்வது. பந்தோ 10 அங்குல உயர மவுண்டிலிருந்து 18.44 மீட்டர் தொலைவிலுள்ள, 43 சென்டிமீட்டர் அகலமே கொண்ட, மட்டையாளர் அருகே தரையில் பதித்த ஹோம் பிளேட்டை நோக்கி இறங்க வேண்டும். கணநேரம் முன்னதாகக் கையிலிருந்து விடுவித்தாலும் அது பின்னால் நின்று பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேல் போய்விடும்.

ஆகவே சமதரையில், குறைந்த தொலைவில், ஃபோர்-சீம் பிடியுடன் தொடங்குங்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே படிய, கட்டைவிரல் அடியில் தாங்க, பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்கட்டும். டாம் ஹவுஸ் தம் பிட்சர்களை அமெரிக்கக் கால்பந்தையும் எறியவைத்தவர். எறிமுறை பிசகினால் அந்தப் பந்து நேராகச் சுழலாமல் தள்ளாடி, பிழையை அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஈட்டிப் போட்டியில் அதிகபட்சம் ஆறு எறிகள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரோ 100 பந்துகள் வரை வீச நேரிடும். எண்ணிக்கையை வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துங்கள். எறிந்தபின் கையை நிறுத்தும் பின்தோள் தசைகளுக்குத் தனிப் பயிற்சி தேவை. முழங்கையின் உட்புறம் வலித்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது பந்தாக, வளைபந்துக்கு முன் சேஞ்ச்-அப் என்னும் வேகம் குறைந்த பந்தைக் கற்பது என் பார்வையில் அறிவுடைமை. கை அதே வேகத்தில் வர, பிடி மட்டுமே மாறும்.

விதிகளைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் ஓடிவந்தவர் பந்தை விடாமல் திரும்பிச் சென்றாலும் தண்டனை இல்லை. இங்கே, பேஸில் (ஓட்டக்காரர் தங்கும் இடம்) எதிரணி ஆள் இருக்கையில் வீசத் தொடங்கி நின்றுவிட்டால் அது 'பாக்' (balk) என்னும் விதிமீறல்; ஓட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பேஸ் முன்னேறிவிடுவார். ஆகவே பேஸில் ஒருவரை நிற்கவைத்தே பயிற்சியில் வீசிப் பழகுங்கள்.