லைபோசக்ஷனுக்கு பெங்களூரு போகுமுன்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான். ஆனால் உடல் கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் லைபோசக்ஷன் அறுவைக்குக் காலையில் போய் மாலையில் பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். அறுவைக்குப் பின் கால் மடக்கி நெடுநேரம் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஓரிரு இரவு அங்கேயே தங்குங்கள். திரும்பும்போது காரில் வாருங்கள், ஓசூரில் இறங்கிக் கொஞ்சம் நடங்கள்.

2023-இல் உலகிலேயே அதிகம் செய்யப்பட்ட அழகு அறுவை லைபோசக்ஷன்தான். 2024-இல் கண்ணிமை அறுவை அதை முந்தியது. கூட்டம் பெருகியதால் தகுதியில்லாதவர்களும் கடை திறக்கிறார்கள். மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. என்ற மேற்பட்டம் படித்தவரா என்று அவரது பதிவு எண்ணை வைத்துப் பாருங்கள். மயக்க மருத்துவர் கூடவே இருப்பாரா என்றும் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இது எடை குறைக்கும் வழியல்ல. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆபத்து கூடும். அப்படியானால் மருத்துவமனையில் தங்கியே ஆக வேண்டும். புகைப்பவர்கள் 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகலாம். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாங்களாக நிறுத்த வேண்டாம்.

முதல் ஓரிரு நாள் துளைகளில் இளஞ்சிவப்பு நீர் கசிவது இயல்பு. இறுக்கு உடையை 4 முதல் 6 வாரம் போட வேண்டும். தளர்த்தினால் நீர் கோத்துக்கொள்ளலாம். வீக்கம் முழுதும் வடிய மாதங்கள் ஆகும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் உடனே 108. கிளினிக்கிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.