பழைய சைலன்சர் கைமாறும்போது செய்யக்கூடாத தவறுகள்

சைலன்சர் என்றால் நமக்கு புல்லட் வண்டியின் புகைக்குழாய்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் துப்பாக்கி முனையில் திருகி மாட்டும் சைலன்சரின் கதை வேறு. 1934ஆம் ஆண்டின் தேசிய துப்பாக்கிச் சட்டப்படி, அந்தக் குழாயே தனியாக ஒரு துப்பாக்கிக்குச் சமம். அதற்கென்று சீரியல் நம்பர் உண்டு, அரசுப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரும் உண்டு. பழைய பைக்கை விற்பது மாதிரி சாவியைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ள முடியாது.

ஆனால் பலரும் சறுக்குவது இங்கேதான். விலை பேசி, பணம் கைமாறி, "தெரிந்தவர்தானே, எடுத்துட்டுப் போங்க" என்று பொருளையும் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 4-ஐ அனுப்பி, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் ஒப்புதல் கைக்கு வரும்வரை பொருள் விற்பவரிடமே இருக்க வேண்டும். வாங்குபவர் பணம் முழுவதையும் கட்டியிருந்தாலும் சரி, கூடப் பிறந்த தம்பியாகவே இருந்தாலும் சரி. மீறினால் 10 ஆண்டு வரை சிறை. அதனால் முன்பணம் கொடுக்கும்போதே, ஒப்புதல் மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன், விற்பவர் பெயரில் உள்ள ஒப்புதல் படிவத்தைக் கேட்டுப் பார்த்து, சீரியல் நம்பரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். படிவம் தொலைந்துவிட்டது என்று இழுத்தாலோ, நம்பர் தேய்ந்திருந்தாலோ விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது புதிதாக ஒரு குழப்பம். 1934 முதல் இருந்த 200 டாலர் பெயர் மாற்ற வரி, சைலன்சருக்கு 2026 சனவரி 1 முதல் பூச்சியம். வரி போனதும் பதிவும் போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். படிவம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இருவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால், அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுக்கும் பட்சத்தில் நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். வேறு மாநிலம் என்றால் வாங்குபவர் ஊரில் உள்ள உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். தபாலில் நேராக அனுப்புவது குற்றம். நம்மவர்கள் நிறைய வாழும் கலிபோர்னியா, நியூ ஜெர்சியில் தனிநபர் வைத்திருக்கவே கூடாது. எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பவர்களுக்கும் பொதுவாகத் தடைதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்த விசாத் தடை இல்லை.

பொருளையும் பாருங்கள். உள்தட்டுகளில் தோட்டா உரசிய தடம் இருக்கிறதா, திருகு மரை தேய்ந்திருக்கிறதா, எந்த அளவு தோட்டாவுக்குச் செய்தது? .22 தோட்டாவுக்கு ஓடியது என்றால் உள்ளே ஈயம் படிந்து கெட்டியாகியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்ய முடியாத வகை என்றால் விலையைக் குறைத்தே பேசுங்கள்.

அப்பா இறந்த பிறகு அலமாரியில் கிடைத்ததை மகன் விற்பதும் நடக்கிறது. முதலில் படிவம் 5 வழியாக வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதுவரை அதைப் பத்திரப்படுத்த வேண்டியவர், உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருப்பவர்.